ஆஸ்போர்னா, கேப்ரோவா, காம்பாக்கா? 1983-இல் சின்ன வியாபாரி எதைத் தூக்குவது

1983-ஆம் வருஷ வசந்தகாலம், அமெரிக்கா. மூணு நாலு பேர் வேலை செய்கிற ஒரு சின்ன ஆபீஸ். இன்சூரன்ஸ் ஏஜெண்டோ, கட்டட கான்ட்ராக்டரோ, நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவரோ, யாராக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். டைப்ரைட்டரையும் லெட்ஜரையும் ஓரங்கட்டிவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், பகலில் ஆபீஸில் பார்த்த வேலையை ராத்திரி வீட்டிலும் தொடர வேண்டும், அதற்காக இரண்டு மெஷின் வாங்க வசதியில்லை. கடையில் போய் நின்றால் கையில் தூக்கிப் போகக்கூடிய மூன்று கம்ப்யூட்டர் பெட்டிகள் கண்ணில் படும். ஆஸ்போர்ன் 1, விலை 1,795 டாலர். கேப்ரோ 2, அதுவும் அதே 1,795 டாலர். காம்பாக் போர்ட்டபிள், ஒரு பிளாப்பி டிரைவோடு (கோப்புகளைச் சேமிக்கிற டிஸ்கைப் போடும் இடம்) 2,995, இரண்டு டிரைவோடு 3,590. அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ பத்து ரூபாய் என்பதால் ரூபாயில் யோசிக்கிறவர்கள் ஒரு சைபரைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

முதலில் எடையைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் விளம்பரங்கள் எல்லாம் அதைத்தான் தூக்கிப் பிடித்தன, முடிவெடுக்க அது கொஞ்சமும் உதவாது. ஆஸ்போர்ன் சுமார் 11 கிலோ, கேப்ரோ 12-க்குக் கொஞ்சம் குறைவு, காம்பாக் 13-க்குப் பக்கம். மூன்றிலும் உள்ளே பேட்டரி கிடையாது, சுவரில் பிளக் இருந்தால்தான் உயிர் வரும். விமான சீட்டுக்கு அடியில் வைக்கலாம் என்று ஆஸ்போர்ன் காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள், உண்மைதான், வைக்கலாம், ஆனால் ஆகாயத்தில் அதைத் திறந்து வேலை பார்க்க முடியாது. ஆக, கார் டிக்கியில் போட்டு ஆபீஸிலிருந்து வீட்டுக்கோ, வாடிக்கையாளர் இடத்துக்கோ கொண்டுபோகலாம், அவ்வளவுதான் இதன் அர்த்தம். அந்த உபயோகத்துக்கு 11-க்கும் 13-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? மாடிப்படி ஏறும்போது தோள்பட்டைக்கு எல்லாம் ஒன்றுதான்.

சரி, பிறகு எதை வைத்து முடிவு செய்வது? என்னைக் கேட்டால் மூன்று விஷயம்: திரையில் எத்தனை எழுத்து தெரிகிறது, பிளாப்பியில் எவ்வளவு கொள்கிறது, பெட்டியோடு என்ன சாஃப்ட்வேர் வருகிறது. நாலாவது ஒன்றும் உண்டு, அது 1983-இல்தான் வந்து சேர்ந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆஸ்போர்னிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம், ஏனென்றால் இந்த வகையையே சந்தைக்குக் கொண்டுவந்து விற்றுக் காட்டியவர்கள் அவர்கள்தான். ஆடம் ஆஸ்போர்ன் படிப்பில் கெமிக்கல் இன்ஜினியர், கொஞ்ச காலம் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அப்புறம் மைக்ரோகம்ப்யூட்டர் புத்தகங்கள் எழுதிப் பதிப்பித்து அந்தப் பதிப்பகத்தை மெக்ரா-ஹில்லுக்கு விற்றவர். நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு. அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் பக்தர், அதனால் ஆடமின் சின்ன வயது திருவண்ணாமலையில் கழிந்தது, கடைசியில் 2003-இல் கொடைக்கானலில்தான் இறந்தார். மெஷினை வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டீன். 1981 ஏப்ரலில் சான்ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் இறக்கினார்கள். மூடி வைத்தால் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும், மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு.

உள்ளே இருந்தது ஒன்றும் புதுமையில்லை. 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சிப், 64 கேபி நினைவகம், இரண்டு பிளாப்பி டிரைவ், சிபி/எம் இயங்குதளம், எல்லாமே ஏற்கெனவே கடையில் கிடைத்துக்கொண்டிருந்த சரக்கு. ஆஸ்போர்னின் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருந்தது. கடிதம் எழுத வேர்ட்ஸ்டார், ஒரே கடிதத்தைப் பல முகவரிக்கு அச்சடிக்க மெயில்மெர்ஜ், கணக்குக்கு சூப்பர்கால்க், நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இரண்டு வகை பேசிக், எல்லாவற்றையும் பெட்டியோடு சேர்த்தே கொடுத்துவிட்டார். வேர்ட்ஸ்டாரைத் தனியாக வாங்கினாலே 495 டாலர் போட்டிருந்த காலம் அது. எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கினால் சுமார் 1,500 டாலர் ஆகும் என்று கணக்குக் காட்டினார்கள். அப்படிப் பார்த்தால் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொசுறாக வாங்கி வருகிற கணக்கு. வியாபாரிக்கு இது பெரிய நிம்மதி, பணத்தால் மட்டுமல்ல. எந்த புரோகிராம் எந்த மெஷினில் ஓடும், யாரிடம் கேட்பது என்று அலைகிற வேலையே இல்லை. டிஸ்கைப் போட்டால் வேலை ஆரம்பம்.

ஆனால் அந்தத் திரை! குறுக்களவு ஐந்து அங்குலம். அதில் 24 வரி, வரிக்கு 52 எழுத்து. 24 வரியை அந்த உயரத்துக்குப் பங்கு போட்டால் ஒரு வரிக்கு மூன்று மில்லிமீட்டர்தான் தேறும், நாற்பது வயதைத் தாண்டிய கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியதுதான். எழுத்துச் சின்னதாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், 52 எழுத்துதான் உண்மையான தொல்லை. டைப்ரைட்டரில் அடிக்கிற சாதாரணக் கடிதத்தில் ஒரு வரிக்கு 65 எழுத்து வரும். ஆஸ்போர்னில் ஒவ்வொரு வரியின் வாலும் திரைக்கு வெளியே நிற்கும், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அம்புக்குறிச் சாவியைத் தட்டினால் திரை பக்கவாட்டில் நகர்ந்து வாலைக் காட்டும், தலை மறையும். உள்ளே 128 எழுத்து அகலம் வரை பிடித்து வைத்திருக்கும், காட்டுவதற்குத்தான் இடமில்லை.

கடிதத்தில் இதைச் சமாளித்துவிடலாம். கணக்கில்தான் கழுத்தை அறுக்கும். சூப்பர்கால்க்கில் ஒரு பத்திக்கு வழக்கமான அகலம் ஒன்பது எழுத்து. வருஷ வரவு செலவு போட உட்காருகிறீர்கள், செலவின் பெயருக்கு ஒரு பத்தி போக ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை திரையில் இருக்கும், மே தெரியாது, டிசம்பருக்கு அடுத்த மொத்தத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும், போய்ச் சேரும்போது இது எந்தச் செலவின் மொத்தம் என்ற பெயர் இடது பக்கம் போய் ஒளிந்திருக்கும். இன்வாய்ஸும் அப்படித்தான்: பொருள், எண்ணிக்கை, விலை வரை வந்து, பார்க்க வேண்டிய தொகை மட்டும் விளிம்புக்கு அப்பால். வெளியே ஒரு மானிட்டரை மாட்டலாம், 80 எழுத்து காட்டுகிற கூடுதல் பலகையும் பின்னால் வந்தது. மாட்டிய மானிட்டரையும் சேர்த்துத் தூக்கப் போகிறீர்களா என்ன?

பிளாப்பி விஷயத்திலும் ஆரம்ப ஆஸ்போர்ன் கஞ்சம்தான். ஒரு டிஸ்கில் சுமார் 90 கேபி. வேலை செய்கிற முறை எப்படியென்றால், இடது பக்க டிரைவில் வேர்ட்ஸ்டார் டிஸ்க், வலது பக்கத்தில் நம் கோப்புகள் இருக்கிற டிஸ்க். ஒரு வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பாக்கி எல்லாவற்றையும் 128 எழுத்துக்குள் அடக்கினால் ஒரு டிஸ்கில் எழுநூறு பேர் கொள்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டியலை வரிசைப்படுத்தத் தற்காலிகமாக இன்னொரு கோப்பு தேவைப்படும், அதற்கு இடம் விட்டால் பாதிதான் நிஜம். பின்னால் இரட்டை அடர்த்தி டிஸ்க் வந்து கொள்ளளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது, பட்டியல்களைப் பராமரிக்கிற டிபேஸ் 2 கூடச் சேர்த்துக் கொடுத்தார்கள். திரை மட்டும் அப்படியே இருந்தது.

இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் கேப்ரோ உள்ளே புகுந்தது. கலிஃபோர்னியாவின் சோலானா பீச்சில் நான்-லீனியர் சிஸ்டம்ஸ் என்று அளவுக்கருவி செய்கிற கம்பெனி, முதலாளி ஆண்ட்ரூ கே, டிஜிட்டல் வோல்ட்மீட்டரைக் கொண்டுவந்தவர். 1982-இல் அவர் கொண்டுவந்த கேப்ரோ 2-இல் ஆஸ்போர்னோடு ஒப்பிட்டால் புதுசாக மூளை எதுவும் இல்லை, அதே இசட்80, அதுவும் வேகம் குறைவு, 2.5 மெகாஹெர்ட்ஸ். அதே 64 கேபி, அதே சிபி/எம், அதே விலை. ஆனால் ஒன்பது அங்குலப் பச்சைத் திரை, வரிக்கு முழுசாக 80 எழுத்து, டிஸ்க் ஒன்றுக்கு சுமார் 190 கேபி. சூப்பர்கால்க் போன்ற ஒன்றில் எட்டுப் பத்திகள் ஒரே பார்வையில். கடிதம் முழு அகலமும் கண்முன்னால். பிளாஸ்டிக்குக்குப் பதில் அலுமினியப் பெட்டி, பார்க்க லேபில் வைக்கிற கருவி மாதிரி கரடுமுரடு, அழகை எதிர்பார்க்காதீர்கள்.

வேகம் குறைவு என்று ஆஸ்போர்ன் விற்பனையாளர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்த மெஷின்களில் நாம் காத்திருப்பது பெரும்பாலும் பிளாப்பி கரகரவென்று சுற்றி முடிப்பதற்குத்தான், சிப்புக்காக அல்ல.

கேப்ரோவின் பலவீனம் ஆரம்பத்தில் சாஃப்ட்வேர். வேர்ட்ஸ்டாருக்குப் பதிலாக பெர்ஃபெக்ட் ரைட்டர், பெர்ஃபெக்ட் கால்க் என்று ஒரு குடும்பத்தைக் கொடுத்தார்கள். வேலை நடக்கும், ஆனால் ஊரெல்லாம் டைப்பிஸ்ட்டுகள் கற்றுக்கொண்டிருந்தது வேர்ட்ஸ்டார், புதுசாக ஆள் எடுத்தால் மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். பின்னால் வேர்ட்ஸ்டாரையும் சேர்த்தார்கள், அதோடு அந்தக் குறையும் போனது. கொழும்பில் இருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், ஹாலிவுட் இயக்குநர் ஒருவரோடு திரைக்கதை பற்றித் தினமும் விவாதித்தது கேப்ரோவும், டெலிபோன் வழியாகத் தகவல் அனுப்புகிற மோடமும் வைத்துத்தான், அதுவும் 1983-இலேயே. எழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு ஒத்துவந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆஸ்போர்ன், கேப்ரோ இரண்டுக்கும் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு, கடைக்காரர் தானாக அதைச் சொல்ல மாட்டார். இரண்டிலும் ஓடுவது சிபி/எம்தான், ஆனால் பிளாப்பியில் எழுதுகிற முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. உங்கள் ஆடிட்டர் ஆஸ்போர்ன் வைத்திருந்து நீங்கள் கேப்ரோ வைத்திருந்தால் டிஸ்கைக் கொடுத்து வாங்க முடியாது, அதற்கென்று தனியாக ஒரு புரோகிராம் வேண்டும், இல்லையென்றால் இரண்டு மெஷினையும் கேபிளால் இணைத்து அனுப்ப வேண்டும். தனியாக வேலை பார்க்கிறவருக்கு இது கவலையே இல்லை. நாலு பேரோடு டிஸ்க் பரிமாறுகிறவருக்குத் தலைவலி.

இங்கேதான் அந்த நாலாவது விஷயம் வருகிறது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலிருந்து வெளியே வந்த ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ மூன்று பேரும் ஹூஸ்டனில் ஆரம்பித்த காம்பாக், 1983 மார்ச்சில் பெட்டியை அனுப்பத் தொடங்கியது. ஐபிஎம் பிசிக்கு வந்த சாஃப்ட்வேர் அப்படியே இதில் ஓடும், அதுதான் சேதி. ஐபிஎம் பிசியில் இருந்த மற்றதெல்லாம் வெளியே கிடைக்கும் பாகங்கள், பயாஸ் என்கிற அடிப்படை நிரல் மட்டும்தான் ஐபிஎம்மின் சொந்தச் சொத்து. அதைக் காப்பியடித்தால் கோர்ட்டில் நிற்க வேண்டும். அதனால் ஒரு குழு அந்த நிரல் என்ன செய்கிறது என்று மட்டும் குறித்துக் கொடுக்க, அந்த நிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. மெதுவான, செலவு பிடித்த வழி, ஆனால் சட்டப்படி யாரும் கை வைக்க முடியாது. முதல் வருஷமே 53,000 மெஷின், 11 கோடியே 10 லட்சம் டாலர் வருமானம்.

வியாபாரிக்கு இதனால் என்ன லாபம்? 1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 வந்திருந்தது, கணக்கும் வரைபடமும் ஒரே இடத்தில், சூப்பர்கால்க்கை அதன் பக்கத்தில் வைக்கவே கூச்சமாக இருக்கும். அது கேப்ரோவில் ஓடாது, ஆஸ்போர்னில் ஓடாது. காம்பாக்கில் ஓடும், டிஸ்கை எடுத்துப் பெரிய கம்பெனியின் ஐபிஎம்மில் போட்டால் அங்கேயும் திறக்கும். 64 கேபியில் முட்டிக்கொண்டிருந்த இடத்தில் 128 கேபியில் ஆரம்பித்து மேலே ஏற்றிக்கொள்ளலாம், டிஸ்குக்கு 300 கேபிக்கும் மேல், உள்ளே கூடுதல் அட்டைகள் செருகவும் இடம் உண்டு.

இதற்கெல்லாம் விலை இருக்கிறது. காம்பாக்கோடு சாஃப்ட்வேர் மூட்டை வராது. இரண்டு டிரைவ் மெஷின் 3,590, லோட்டஸ் 495, வேர்ட்ஸ்டார் இன்னொரு 495, ஆக 4,580 டாலர். கேப்ரோ அதே வேலைகளை, கொஞ்சம் மட்டமாகத்தான் என்றாலும், 1,795-க்குள் முடித்துவிடுகிறது. பிரிண்டர் எல்லோருக்கும் தனிச் செலவு, எப்சன் எம்எக்ஸ்-80 மாதிரி ஒன்று வாங்காமல் இன்வாய்ஸ் அச்சாகாது, அதை யாரும் விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. வித்தியாசம் 2,785 டாலர், இன்னொரு கேப்ரோவும் நல்ல பிரிண்டரும் அந்தப் பணத்தில் வாங்கிவிடலாம். சின்ன ஆபீஸுக்கு இது விளையாட்டுப் பணமில்லை.

நடுவில் ஒரு வழியும் உண்டு, பலர் கவனிக்காதது: அதே வருஷம் வந்த கேப்ரோ 10. அதே மாதிரி அலுமினியப் பெட்டி, உள்ளே 10 எம்பி ஹார்ட் டிஸ்க், விலை 2,795. ஆயிரக்கணக்கில் சரக்கு வகைகள் வைத்திருக்கிற உதிரிபாகக் கடைக்கு டிஸ்க் மாற்றி மாற்றிப் போடுகிற தொல்லையே இல்லை. காம்பாக்கின் ஒரு டிரைவ் மெஷினைவிடக்கூட விலை குறைவு.

மற்றவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். கிரிட் காம்பஸ் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, மடக்கினால் மெல்லிசான பெட்டி, ஆனால் 8,000 டாலருக்கும் மேல், அது நாசாவுக்கும் ராணுவத்துக்கும். கமடோர் எஸ்எக்ஸ்-64 வந்தபோது கலர் திரை என்றார்கள், ஆனால் அந்தத் திரையும் ஐந்து அங்குலம், வரிக்கு 40 எழுத்து, பிள்ளைகள் விளையாட நல்லது. ரேடியோ ஷாக் கடையில் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100 மட்டும் தனி ரகம். இரண்டு கிலோகூட இல்லை, நாலு பென்டார்ச் பேட்டரியில் இருபது மணி நேரம் ஓடும், உள்ளேயே மோடம். வெளியே போய் விற்கிற வேலையில் இருப்பவர்கள், பத்திரிகை நிருபர்கள் இதை மடியில் வைத்துத் தட்டிவிட்டு டெலிபோன் வழியாக அனுப்பிவிடுவார்கள். திரையில் எட்டே வரி, வரிக்கு 40 எழுத்து, சேமிக்க கேசட்தான். உண்மையில் தூக்கிக்கொண்டு அலைய ஏற்றது இது ஒன்றுதான், ஆனால் இதில் கணக்கு எழுத முடியாது. ஆபீஸில் வேறொன்று இருந்தால் துணைக்கு வாங்கலாம்.

இனி யாருக்கு எது. தனி ஆளாகவோ ஓரிரு பேரோடோ கடிதம், கொட்டேஷன், இன்வாய்ஸ், முகவரிப் பட்டியல் என்று ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு கேப்ரோ 2 வாங்கலாம். ஆஸ்போர்னை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், 1981-இல் சொல்லியிருப்பேன், ஏனென்றால் அப்போது அந்த விலைக்கு அதைத் தவிர வேறு இல்லை. அதே விலையில் முழுத் திரை கிடைக்கும்போது அரைத் திரையை ஏன் வாங்க வேண்டும்? 1983 செப்டம்பரில் ஆஸ்போர்ன் கம்பெனி திவாலானது. எக்ஸிக்யூட்டிவ் என்ற அடுத்த மாடலை முன்கூட்டியே அறிவித்ததால் பழையதை யாரும் வாங்காமல் போய்த்தான் விழுந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள், அது ஓரளவுதான் சரி. பக்கத்து அலமாரியில் அதே விலைக்கு ஒன்பது அங்குலத் திரை ஒளிர்ந்துகொண்டிருந்ததும், ஐபிஎம்மின் வகை சந்தையை இழுத்துக்கொண்டதும் அதைவிடப் பெரிய அடி என்பது என் கட்சி.

கணக்காளர், பட்ஜெட் போடுகிறவர், பெரிய கம்பெனிகளோடு கோப்பு பரிமாறுகிறவர், இவர்களுக்குக் காம்பாக். கடன் வாங்கியாவது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வருகிற வருமானம் நேரடியாக அந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலிருந்து வருகிறது என்றால் 2,785 டாலர் வித்தியாசம் சீக்கிரம் திரும்பிவிடும். சிபி/எம் மெஷின்களுக்குப் புது சாஃப்ட்வேர் குறையத் தொடங்கிவிட்டது 1983-லேயே கண்ணுக்குத் தெரிந்தது, நல்ல புரோகிராம் எழுதுகிறவர்கள் ஐபிஎம் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கேப்ரோ வாங்குகிறவர் மூணு நாலு வருஷத்துக்கு என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அந்த விலைக்கு நாலு வருஷ உழைப்பு மோசமில்லை.

கடைசியாக ஒரு ஆசை பலருக்கு இருந்தது: கொஞ்சம் பொறுத்தால் ஐபிஎம்மே ஒரு தூக்குப் பெட்டியைக் கொண்டுவருமே, அதை வாங்கலாமே என்று. 1984 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள். எடை 13 கிலோவைத் தாண்டி, காம்பாக்கைவிடக் கூடுதல். ஒன்பது அங்குல ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) திரை, அதற்குப் பின்னால் இருந்தது சாதாரண கலர் கிராஃபிக்ஸ் அட்டை, அதனால் எழுத்து கொஞ்சம் மங்கல். காம்பாக்கிலோ கிராஃபிக்ஸும் வரும், எழுத்தும் கூர்மையாக நிற்கும். காத்திருந்தவர்கள் ஏறக்குறைய ஒரு வருஷத்தை விட்டுவிட்டு, காம்பாக்கைவிட மங்கலான திரையை வாங்கினார்கள்.